பகலில் வந்த மதினி

மதினி,

விடாத மழை. உங்கள் மகளின் பாவாடையைக் காயவைக்க வழியில்லாமல் அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். ஈரத் துணியில் புகை ஏறுகிற அந்த வாசம் வந்ததும் நீங்கள் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பனிமூட்டம்தான் நின்றது.

என் மகன் பிறந்தபோது அவன் துணிகளை இப்படித்தான் காயவைத்துக் கொடுத்தீர்கள். "ஈரத் துணில பிள்ளையப் போடாத. நெஞ்சுல சளி கட்டிக்கும்" என்று ஓயாமல் சொல்வீர்கள். அண்ணன் பெண்டாட்டி என்ற அதிகாரம் உங்களுக்குக் கொஞ்சம் அதிகம்தான். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் நம் இரண்டு காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர்தான். கொழுந்தெடுக்கப் போகுமுன் "நெருப்பு இருக்கா?" என்று கரண்டியோடு வந்து நிற்பீர்கள். உங்கள் அடுப்பு எரிந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாதா? நெருப்புக்கா வந்தீர்கள்? கதவு நிலையில் ஒரு கையை வைத்து, உள்ளே வராமல், என் மகன் சிரிக்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பீர்கள். கல்யாணமாகிப் பல வருஷம் உங்களுக்குப் பிள்ளை இல்லை.

அப்புறம் உங்களுக்கும் ஒருத்தி பிறந்தாள். தீட்டுக் கழியும் முன்பே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அவளை ஆசை தீர மடியில் வைத்துப் பார்க்கக்கூட இல்லை நீங்கள்.

அண்ணன் பிள்ளையைத் தூக்கிவந்து என் மடியில் போட்டார். என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. இன்னும் பால்குடி மறக்கவில்லை. இருக்கிற பாலை இருவருக்கும் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவள் வாயே வைக்கவில்லை. முகத்தைத் திருப்பி வாசல் பக்கமே பார்த்தாள். சங்கில் புகட்டினால் பாதி வெளியே வந்தது. நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனாள்.

லயத்தில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். ஆசை தீராமல் போன தாய் பிள்ளையைத் தேடி வருவாள், தொட்டிலுக்கு அடியில் இரும்பும் வேப்பிலையும் வை என்று. இந்தக் குளிரில் வேம்பு எங்கே முளைக்கிறது? அண்ணன் அட்டன் கடைவீதி வரை போயும் கிடைக்கவில்லை. இரும்புக்கு என் வீட்டுக்காரரின் கவ்வாத்துக் கத்தி இருந்தது. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற அந்தக் கத்தியை இராத்திரி தொட்டிலுக்கு அடியில் வைப்போம். விடிந்தால் அவர் எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்.

"பகல்ல கத்தி இல்லையேங்க" என்றேன்.

"கத்தி இல்லாம போனா கங்காணி பேரு போடுவாரா? கூலி போயிரும். பகல்ல அதெல்லாம் வராது. பேசாம இரு."

மதினி, நீங்கள் பகலில்தான் வந்தீர்கள்.

நான் பெரட்டுக்கும் வேலைக்கும் போகாமல் பிள்ளையோடு வீட்டில் கிடந்த நாட்கள் அவை. கரண்டியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்த என் மகன் வாசலைப் பார்த்துச் சிரித்தான்.

"யாருடா?"

"அத்தை நிக்கிது."

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. மறுநாளும் சிரித்தான். கதவைச் சாத்தினால் அழுது தீர்த்தான்.

வீட்டில் வேறு இரும்பு எதையாவது எடுத்து வைத்திருக்கலாம். மனம் வரவில்லை. என் பிள்ளையை வாசலில் நின்றே பார்த்தவர், தன் பிள்ளையையும் வாசலில் நின்றா பார்க்க வேண்டும்? அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கதவை முழுசாகத் திறந்தேன். பிள்ளையை வாசலுக்கு நேரே ஏந்திக்கொண்டு சொன்னேன்.

"வாங்க மதினி. உள்ள வந்து நல்லாப் பாத்துக்கங்க. தூக்கிட்டு மட்டும் போயிராதீங்க. உங்க காலப் புடிக்கிறேன்."

அன்று சாயங்காலம் அவள் பால் குடித்தாள். என் பங்கு எங்கே என்று மகன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவளா விடுவாள்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இராத்திரியிலும் கத்தி வைக்கவில்லை. அவள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், மகனின் தட்டிலிருந்து சோற்றை அள்ளி இறைத்தாள். நடுநடுவே அவன் வாசலைப் பார்த்து, "அத்தை, பாப்பா பாரு" என்பான். எனக்கும் பயம் விட்டுப்போனது. "பாருங்க மதினி, பல்லு வந்துருச்சு" என்று நானும் சொல்வேன். கேட்டவர்கள் எனக்குப் பித்து என்றார்கள்.

ஒரு நாள் அவள் சுவரைப் பிடித்து எழுந்து நின்று, என்னைப் பார்த்து "அம்மா" என்றாள். அள்ளி எடுத்து முத்தம் கொடுத்தேன். மகன் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அத்தை போயிருச்சு."

"எங்கடா?"

"அழுதுகிட்டே போயிருச்சு."

பிறகு அவன் உங்களைப் பார்க்கவே இல்லை. இப்போது கேட்டால் ஒன்றும் நினைவில்லை என்கிறான்.

"அவளுக்கு வெவரம் தெரியிற வயசு. பெத்தவ யாருன்னு சொல்லிரு" என்கிறார் அண்ணன். நானும் பல தடவை வாயெடுத்துவிட்டேன். சொன்னால் நீங்கள் வந்து அவளைக் கேட்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் நீங்கள் வரவே மாட்டீர்களே என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

இப்போதைக்கு என்னால் ஆனது ஒன்றுதான். அவள் "அம்மா" என்று கூப்பிட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. நீங்கள் முதலில் "என்னம்மா" என்று கேட்பதற்கு ஒரு மூச்சு நேரம் விடுகிறேன். "காது கேக்கலையா?" என்று அவள் கோபித்துக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் திரும்புகிறேன்.