போகிக் கரி படிந்த மஞ்சள் கதவுகள்

அக்கா,

வீடு முழுக்கத் தின்னர் வாசனை. ஜன்னல்களைத் திறந்து வைத்தும் போகவில்லை. அது மூக்கில் ஏறியதும் தலை லேசாகக் கிறுகிறுத்தது. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நீங்கள் பக்கத்தில் நிற்பதாக ஒரு கணம் தோன்றிவிட்டது. சமையலறை அலமாரிகளுக்குப் புது வண்ணம் அடிக்கிறோம். உங்கள் மஞ்சள் இருந்த இடத்தில் இனி வெளிர் சாம்பல். என் மகளின் தேர்வு. மஞ்சள் அவளுக்குக் கண்ணை உறுத்துகிறதாம்.

அந்த மஞ்சளுக்காக நாம் போட்ட சண்டை இருக்கிறதே! தென்காசியிலிருந்து இந்த மேனாம்பேட்டு வீட்டுக்கு இளைய மருமகளாக வந்த எனக்கு வெள்ளைதான் அழகு. மூத்த மருமகள் நீங்கள் இந்த ஊரிலேயே பிறந்தவர், விடுவீர்களா?

"வெள்ள அடிக்க இது இன்னா ஆஸ்பத்திரியா? ஊடும்மே, ஊடு!"

பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம். ஆண்கள் கம்பெனிக்குக் கிளம்பியதும் அலமாரிக் கதவுகளைக் கழற்றி மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் நாமே அடித்தோம். பனிக்காலம், சாயங்காலம் வரை காயவில்லை. "கெடக்கட்டும், காலைல காஞ்சிடும்" என்றீர்கள். மறுநாள் போகி என்று இருவருக்கும் தெரியும். கொளுத்துவதற்குக் கிழிந்த பாய்களைக்கூட வாசலில் சுருட்டி வைத்திருந்தோம். மாடியில் ஈரக் கதவு கிடப்பதை அதோடு சேர்த்துப் பார்க்கத்தான் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

விடியும்போது தெருவே காணாமல் போயிருந்தது. எதிர்வீடு புகையில் மிதந்தது, பிள்ளைகளின் மேளச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. திடீரென்று நினைவு வந்து மாடிக்கு ஓடினோம். கரித்துணுக்குகள் அவசரமே இல்லாமல் நம் மஞ்சள் மேல் இறங்கிக்கொண்டிருந்தன. நான் ஈரத்துணியால் துடைக்கப்போய் இன்னும் இழுவிவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்களோ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"உடும்மே. நாம கொளுத்தனதெல்லாம் போவ மனசில்லாம நம்ம கதவுல வந்து குந்திகினு கீது. இருந்துட்டுப் போவட்டும்."

இருந்தது. வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் அந்தக் கறைகளில் உருவம் தேடுவீர்கள். ஒன்று யானை. இன்னொன்று, "பாரு, உன் ஊட்டுக்காரன் மூக்கு!" அவர் சாப்பிட வந்தால் நாம் இருவரும் நிமிரவே மாட்டோம்.

போன ஆவணியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவே இல்லை. உங்கள் புடவைகளைக் கொடுத்துவிட்டோம். கட்டிலையும் இடம் மாற்றிவிட்டோம். உங்கள் கை பட்டதென்று இந்தக் கதவுகள்தான் மிச்சம். அவற்றைத் தேய்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அக்கா.

திருமழிசையிலிருந்து வந்த பெயிண்டர் உப்புத்தாளோடு காத்திருந்தார். "யக்கா, இந்தக் கரியெல்லாம் தேச்சி எடுத்தாத்தான் புதுசு புடிக்கும். ஆரம்பிக்கட்டா?"

"டீ குடிச்சிட்டு ஆரம்பிங்க" என்றேன். குடித்தார். டிபன் சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டார். அவரும் பாவம், எவ்வளவுதான் சாப்பிடுவார்? மகள் வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம்னா விட்டுடலாம்மா. பெரியம்மா அடிச்சதுதானே, இருக்கட்டும்."

அவள் விட்டுக்கொடுத்ததும்தான் என் பிடிவாதம் இளகியது. அவளும் உங்கள் இடுப்பில் வளர்ந்தவள். இனி இது அவள் புழங்கும் வீடு. முதல் கதவை நானே தேய்க்கிறேன் என்று உப்புத்தாளை வாங்கிக்கொண்டேன்.

மஞ்சள் தூள் எழும்பி ஜன்னல் வெயிலில் வெகுநேரம் கீழே இறங்காமல் நின்றது. கையில், கழுத்தில், இமையில் எல்லாம் படிந்தது. யானை போயிற்று. மூக்கும் போயிற்று. அழுதுகொண்டேதான் தேய்த்தேன்.

இப்போது முதல் பூச்சு முடிந்துவிட்டது. இந்தத் தடவை கதவுகளைக் கூடத்திலேயே சாத்தி வைத்திருக்கிறோம். சாம்பலும் நன்றாகத்தான் இருக்கிறது, சொன்னால் திட்டாதீர்கள்.

சற்று முன் ராத்திரிச் சமையலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"இவ்ளோ இடம் இருக்கே, ஏம்மா சுவத்த ஒட்டி நிக்கற?" என்றாள் மகள்.

அடுப்புப் பக்கம் நீங்கள் நிற்பீர்கள். குழம்புச் சட்டியோடு நீங்கள் திரும்பும்போது இடிக்காமலிருக்க, இத்தனை வருஷமும் நான் ஒதுங்கியே நின்றிருக்கிறேன். சுவர்ப் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.