மேகமலைக் கூடாரத்தில் ஒரு பலாப்பழம்

கூடாரத்தின் அந்த ஓரத்தில் இருக்கும் என் மகளுக்கு,

பேசினால் ஆபத்து என்பதால் எழுதுகிறேன். இது என் முதல் கடிதம். எழுத்து அழகாகத்தான் வருகிறது, பார்.

வெளியே நிற்கும் பெரியவரின் பெயரை மலையில் யாரும் சொல்லமாட்டார்கள். நானும் எழுதமாட்டேன். அவருடைய தும்பிக்கை கூடாரத் துணியைத் தடவுகிறது.

உன் பக்கம் கிடக்கும் சாக்கை நான் காட்டியதும், "பசிக்குதா ஐயா?" என்று உதட்டை அசைத்தாய். பசி அவருக்கு. சின்னமனூரில் நீ வாங்கிய பலாப்பழம் அதற்குள்தான் இருக்கிறது. உன் பிள்ளை அதன்மேல் தலைவைத்துத் தூங்குகிறான். நான் அசைந்தால் இந்தக் கட்டில் கிறீச்சிடும்.

"இந்த வயசுல எழுத்துப் படிச்சு எந்த ஆபீசுக்குப் போகப் போறீக?" என்று நான் எழுதப் பழகியபோது உன் ஆத்தா கேட்டாளே!

முதலில் பிள்ளையை மடிக்கு இழு. பிறகு சாக்கைத் துணிக்கு அடியில் வெளியே தள்ளு. கடிதத்தைக் கைத்தடி நுனியில் செருகி நீட்டுகிறேன்.

என் எழுத்து விளங்கினால் தலையை மட்டும் ஆட்டு.

உன் ஐயா