மட்கார்டுக்கு உள்ளே குங்குமம்

உ

முடிச்சூர்
5-9-96, வியாழன் காலை

அன்பு மகன் துளசிங்கத்துக்கு அப்பா பொன்னுரங்கம் எழுதுவது.

நலமா என்று அப்புறம் கேட்கிறேன். இதைக் கொண்டுவரும் ஏசுதாசன் உன் எதிரில் நிற்கும்போதே முழுசாகப் படி. படித்து முடிக்கிற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே. ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

தந்தி கிடைத்ததா? நேற்று சாயங்காலம் தாம்பரத்தில் "வண்டி ஓட்டாதே கடிதம் வருகிறது" என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த அம்மா அதைப் படித்துவிட்டு, பையன் குடிப்பானா சார் என்று பாவமாகக் கேட்டார். கோயமுத்தூரில் உன் ஷெட்டுக்குப் பக்கத்து பெட்ரோல் பங்குக்கும் எஸ்டிடி போட்டேன். எடுத்தவன் எந்தத் துளசிங்கம் என்றான், சரி சொல்றேன் என்றான், வைத்துவிட்டான். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினான். அவனை நம்பி நான் சும்மா இருக்க முடியாது.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை லாரியில் ஏற்றுவதற்காகப் பெருங்களத்தூர் வரை வண்டியை நீ ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேனே, ரயில்வே கேட் மேட்டில் ஏறி வளைக்கும்போது இடது பக்கம் கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. என் எடைக்கு சீட்டு அழுவுதுடா என்றேன். நீயும் சிரித்தாய். லாரிகிட்டே போய்ப் பார்த்தால் இடது முன் மட்கார்டில் விரிசல். ஏற்ற வந்த ஆட்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நாங்க இன்னும் கையே வெக்கல நைனா, வரும்போதே விரிசல் கீது என்று ஒருத்தன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். நான் காதில் வாங்கவில்லை. ஏசுதாசனை விட்டு ஸ்பேர் மட்கார்டை எடுத்துவரச் சொல்லி, அதை மாட்டி, உன்னை அனுப்பிவிட்டு உடைந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று ஷெட்டில் அதை ஒட்டி வைக்கலாம் என்று கவிழ்த்தேன். உள்பக்கம் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து முதலில் என் கையைப் பார்த்துக்கொண்டேன். ரத்தமில்லை, உன் அம்மாவின் குங்குமம். புறப்படும்போது நாலு சக்கரத்துக்கும் சந்தனம் குழைத்து மேலே குங்குமத்தை அப்பினாளே! ஒரு பொட்டு போதும் கிளி என்றேன். கேட்டாளா? காரையும் தானே பெற்ற மாதிரி அப்பினாள். அந்தக் குங்குமம் மட்கார்டின் உள்மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்திருக்கிறது. கோட்டின் நடுவில் பைபர் தேய்ந்து துணியின் நூல் தெரிகிறது. விரிசல் அங்கேயிருந்துதான் புறப்பட்டிருக்கிறது. ஆக, வெளியிலிருந்து யாரும் இடிக்கவில்லை. சக்கரம் மேலே எழும்பி உடம்பைக் கடித்திருக்கிறது.

நீ இப்போது மாட்டியிருப்பதும் நான் அதே அச்சில் வார்த்ததுதான்.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்றால், நீ தனியாகவே ஓட்டிப் பார்த்தாய். நீ துடைப்பக்குச்சி கனம். நானோ வண்டி நிற்கும்போது கையை விட்டுப் பார்த்து, ரெண்டு விரல் இடம் இருக்கு, தாராளம் என்றேன். பைபரில் தண்ணீர்த் தொட்டி வார்க்கிறவன் புத்தி வேறு எப்படி இருக்கும்? இத்தனை வருஷத்தில் நான் செய்த எதுவும் வைத்த இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை. பந்தயத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லப் போகிறவன் தனசிங். அவன் என்னைவிட ஒரு சுற்று பெரிய ஆள். மலை இறக்கத்தில் வளைக்கும்போது அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கினால்... மேலே எழுத வரவில்லை. நீ படித்தவன்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மட்கார்டின் உள்மடிப்பைக் கிரைண்டரால் வெட்டி எடு. வெட்டின ஓரத்தை உருட்டி விடு, கத்தி மாதிரி நின்றால் டயரைக் கிழிக்கும். வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்க, ஸ்பிரிங்கில் வைக்கிற பாக்கிங்கை லேத்தில் கடைந்து ஏசுதாசன் கொண்டுவருகிறான். ரொம்பவும் தூக்கிவிடாதே, வண்டி வளைவில் சாயும். ஸ்டியரிங் பாதியில் நிற்கிற மாதிரி வாஷர் போடலாம் என்று அங்கே யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் முழுசாக ஒடிக்க வேண்டி வரும்.

இதோடு ஒரு பொட்டலம் இருக்கிறது. அம்மாவின் குங்குமம். பிள்ளைக்குப் பிரசாதம் அனுப்புகிறேன் என்று சொல்லி வாங்கினேன், அவளுக்கு வேறெதுவும் தெரியாது. அதை எண்ணெயில் குழைத்து டயர் முழுக்கத் தடவு. தனசிங்கை உட்கார வை. பின்னால் ரெண்டு சிமெண்டு மூட்டையும் போடு. ஒரு மேட்டில் ஏற்றி இறக்கி, ரெண்டு பக்கமும் முழுசாக ஒடித்து ஓட்டு. அப்புறம் உள்ளே கை விட்டுப் பார். விரலில் சிவப்பு ஒட்டினால் பந்தயத்துக்குப் போகாதே. ஒட்டாவிட்டால் போ. நான் குறுக்கே நிற்கவில்லை.

ஏசுதாசன் ரெண்டு கோணி மூட்டையும் கொண்டுவருகிறான். நம் வண்டிக்கு அடியில் இருக்கிற பழைய பியட் டாக்ஸியின் ஒல்லி சக்கரம் ரெண்டும்தான். நீ மாட்டிய அகல டயர் விஷயத்தில் நான் சொன்னதும், உனக்கு எல்லாமே மாட்டு வண்டிதாம்ப்பா என்று நீ சொன்னதும் அப்படியே கிடக்கட்டும், இப்போது எடுக்கவில்லை. வேறு வழியே இல்லையென்றால் மட்டும் மூட்டையைப் பிரி.

நானே வந்திருப்பேன். நீ வந்தா எனக்குக் கை ஓடாதுப்பா என்றாயே, அதனால்தான் நின்றுவிட்டேன். டயருக்குப் போக மிச்சம் இருந்தால் நெற்றிக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்.

உன் அப்பா
பொன்னுரங்கம்

*

உ

திருமுடிவாக்கம் ஷெட்
8-9-96, ஞாயிறு காலை

அன்பு மகனுக்கு அப்பாவின் ஆசி.

நேற்று நீ தோத்தாத்ரி சார் வீட்டுக்கு போன் பண்ணியபோது நான் ம், ம் என்றே பேசினேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. இந்தப் பக்கம் உன் அம்மா, அந்தப் பக்கம் தோத்தாத்ரி சாரும் அவர் வீட்டம்மாவும், எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் எதைப் பேசுவது?

நீ சொன்னதை ராத்திரியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவை சிவப்பு. மடிப்பை வெட்டினபிறகும் சிவப்பு. பாக்கிங் வைத்து தனசிங்கை ஏற்றினால் இடது பக்கம் குறைந்தது, வலது பக்கத்திலும் சிவப்பு. வலது பக்கத்தை நான் யோசிக்கவே இல்லையடா. அப்புறம்தான், கோணியைப் பிரிச்சிட்டேம்ப்பா என்றாய். ராஜா வண்டிக்குக் கோழிக்கால் வெச்ச மாதிரி இருக்கு, எல்லாரும் சிரிக்கிறாங்க, ஆனா உள்ள வெள்ளையா இருக்கு என்றாய்.

வெள்ளையாவா, வெள்ளையாவா என்று நான் ரெண்டு மூன்று தடவை கேட்டேனாம். திரும்பி வரும்போது எது வெள்ளையா இருக்குதாம் என்று உன் அம்மா பிடித்துக்கொண்டாள். அவன் சட்டை என்றேன். அவனாவது, வெள்ளையா துவைக்கிறதாவது என்று சொல்லிவிட்டு, வீடு வரும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரிக்கட்டும். நான் சிரிக்கவில்லை. அந்த மூட்டையைப் பிரிக்கும்போது உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அது என் முகம்தானே.

இங்கே மழை இல்லை. நம் நிலத்துக்குப் பின்னால் பிளாட் போடக் கல் நட்டுவிட்டார்கள். ஸ்கூலுக்குச் செய்த பெரிய தொட்டி நேற்று போயிற்று, மாடியில் ஏற்றி, நகராமல் உட்கார்ந்துவிட்டது. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், சொல்ல வந்ததைச் சொல்லப் பயமாக இருக்கிறது.

காலையில் பல் தேய்க்கும்போதுதான் தோன்றியது. பின் சக்கரம். நான் அனுப்பியது முன்பக்கத்துக்கு ரெண்டு மட்டும். பின்னால் அதே அகல டயர்தான் ஓடுகிறது. பின் மட்கார்டுக்குள் கை விட்டுப் பார்த்தாயா என்று நான் கேட்கவே இல்லை. முன்பக்கத்துச் சிவப்பைப் பார்த்த கிறுக்கில் பின்பக்கம் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். உடனே ஓடிப் போய்ப் பங்குக்கு போன் போட்டேன். அதே ஆள்தான். எல்லாரும் விடியறதுக்கு முன்னாடியே மலைக்குப் போயிட்டாங்களே என்றான். இந்தத் தடவை எதையும் மெல்லவில்லை.

வீட்டில் உட்கார முடியாமல் ஷெட்டுக்கு வந்துவிட்டேன். இந்நேரம் கொடி அசைத்திருப்பார்கள். கடிகாரத்தை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டேன். வெளியே சைக்கிள் மணி அடித்தால் தந்தியோ என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன். உடைந்த மட்கார்டு எதிரில்தான் இருக்கிறது. அந்தக் குங்குமத்தை இன்னும் துடைக்கவில்லை.

இந்தக் கடிதம் உனக்குச் செவ்வாய்க்கிழமை கிடைக்கும். எல்லாம் முடிந்தபிறகு இதை எதற்கு எழுதுகிறான் இந்த மனுஷன் என்று கேட்பாய். கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டால், அதைப் பிரித்துப் படிக்க நீ அங்கே இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஜெயித்தாயா என்று கேட்கமாட்டேன். பின் மட்கார்டுக்குள் கை விட்டுப் பார்த்து, என்ன நிறம் என்று ஒரு வரி எழுது. சிவப்பு என்று எழுதினாலும் திட்டமாட்டேன். அது உன் கையெழுத்தாக இருக்கட்டும், அது போதும்.

நீயும் தனசிங்கும் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

உன் அப்பா
பொன்னுரங்கம்