தண்ணீர் அசைகிற கம்ப்யூட்டர்

அக். 21, புதன்

காலையிலிருந்து மழை. தெற்கு மாட வீதியில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். தீபாவளி வெடிக் குப்பை எல்லாம் மிதந்து வந்து பிரஸ் வாசற்படியில் ஒதுங்கிக் கிடக்கிறது. "இன்னிக்கு எவன் வரப்போறான்" என்றார் முதலாளி. வந்தார் ஒருவர், குடையோடும் கோபத்தோடும்.

மகள் கல்யாணப் பத்திரிகை. திருவளர்ச்செல்வி போடவேண்டிய இடத்தில் திருநிறைச்செல்வி என்று அடித்துவிட்டேன். "வீட்ல இன்னொருத்தி இருக்காம்மா. கடைசிப் பொண்ணுக்குத்தானே நிறை? சின்னவளுக்குக் கல்யாணமே வேணாம்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" தப்பு என்னுடையதுதான். பழைய ஃபைலைத் திறந்து பேரை மட்டும் மாற்றுவது, சேமிப்பது, அடுத்தது. ஆறு வருஷமாக ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கல்யாணம் செய்துவைக்கிறேன். வயது இருபத்தெட்டு. வீட்டில் எனக்கு அடுத்து கவிதா. அந்த மனிதரின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை.

மத்தியானம் முதலாளி சாப்பிடப் போனதும் ரவி அந்த சிடியைப் போட்டான். ரவி டிசைன் செய்கிறவன். பிரஸ்ஸில் நான் பேசுகிற ஒரே ஆள். ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த விளையாட்டு. இடிந்த கோட்டை, கையில் துப்பாக்கி, திரும்பினால் பிசாசு. ஆபீஸ் மெஷினில் கொத்திக் கொத்தி ஓடுகிறது. பிசாசு அங்கே நின்றது, அடுத்த நொடி என் மூக்குக்குக் கீழே. இருந்தும் மூன்றாம் கட்டம் தாண்டிவிட்டேன். ரவி முதலாவதையே தாண்டியதில்லை. நாளெல்லாம் மவுஸ் பிடித்த கை, வேறென்ன.

"இத நல்ல மெஷின்ல பாக்கணும் உமா. ரிச்சி தெருவுல ஒரு கடைல போட்டு வச்சிருக்கான்."

வரும்போது வாங்கியது: கொத்தமல்லி, அப்பாவுக்குத் தைலம், கவிதாவுக்கு ரீஃபில். ஈரப் புடவையோடு சமையல்.

அக். 24, சனி

வீட்டில் ஓவர்டைம் என்று பொய். ரவியோடு ரிச்சி தெரு. சேறு, ஒயர் சுருள், டீ கிளாஸ். மாடியில் கடை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஏ.சி. ஈரக் கால் விறைத்துப்போனது.

கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. ரவியைப் பார்த்து, "இன்னா சார் வோணும்? தங்கச்சிக்கு டைப்பிங் பழக்கவா?" ரவி வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன், தம்பிக்கு என்று. எனக்குத் தம்பி கிடையாது.

பிறகு அந்த விளையாட்டைப் போட்டார். அதே கோட்டை. என் கோட்டை. ஆனால் தரையில் ஒரு அகழி, அதில் தண்ணீர். ஆபீஸில் அந்த இடத்தில் நீலமாக ஒரு பட்டை இருக்கும், அவ்வளவுதான். இங்கே தண்ணீர் அசைந்தது. தீப்பந்தத்தின் வெளிச்சம் அதில் ஆடியது. "3டி கார்டு சார். நெஜத் தண்ணி மாரியே கீது பாருங்க."

நான் ஆடினேன். ஒரு கொத்தல் இல்லை. நினைத்த இடத்தில் கை, கை வைத்த இடத்தில் குண்டு. மூன்றாம் கட்டம், நான்காம் கட்டம். பின்னால் நாலைந்து பேர் வந்து நின்றுவிட்டார்கள். "மேடம், எங்க கத்துக்கினீங்க?" என்றார் கடைக்காரர். அப்போதுதான் மேடம் ஆனேன்.

பென்டியம் டூ, அந்தக் கார்டு, பெரிய மானிட்டர், ஸ்பீக்கர், எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் ஆகுமாம். ரவி விசில் அடித்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். மழையில் யாருக்குத் தெரியப்போகிறது.

அக். 25, ஞாயிறு

தலைவலி. துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

போஸ்ட் ஆபீசில் என் பேரில் போட்ட பணம் கிட்டத்தட்ட அந்தத் தொகைக்கு வந்திருக்கிறது. மாதா மாதம் என் சம்பளத்தில் போட்டது. புத்தகம் மட்டும் அம்மா பீரோவில்.

வாங்கலாம், ஏனென்றால்: என் பணம். எனக்குக் கை வருகிற ஒரே காரியம். வேறு எதற்காகவும் காலையில் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

வேண்டாம், ஏனென்றால்: அது கல்யாணப் பணம். விளையாட்டுச் சாமான். இருபத்தெட்டு வயதுப் பெண் பிசாசு சுடுகிறாள் என்றால் கீழ்வீட்டு மாமி என்ன சொல்வாள். வைக்க இடம் இல்லை, ஹாலில் தையல் மெஷின். ரவி சொல்கிறான், ஒரே வருஷத்தில் அது பழைய மெஷின் ஆகிவிடுமாம்.

நானும்தான் வருஷா வருஷம் பழையது ஆகிறேன்.

அம்மா இப்போது வந்து சொன்னாள்: அடுத்த ஞாயிறு அடையாறிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். எத்தனையாவது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அக். 28, புதன்

கேட்டுவிட்டேன். ரசம் பரிமாறும்போது. "என் பணத்துல ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கேன்ப்பா."

அப்பா: "அதான் ஆபீஸ்ல இருக்கேம்மா."

அம்மா: "அந்தக் காசுக்கு எத்தன பவுன் வரும் தெரியுமா?"

எதற்கு என்று கேட்டார்கள். விளையாட என்று சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் அசைகிறது என்றா சொல்வது? "வீட்லயே டி.டி.பி. வேல எடுத்துப் பண்ணலாம்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய். பத்திரிகை அடிக்கிற வேலையைக் கண்டாலே குமட்டுகிற நான், அதை வீட்டுக்கும் கொண்டுவருகிறேன் என்கிறேன்.

அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, எவ்ளோ பொறுப்பா யோசிக்கிறா. ஆனா கல்யாணம் ஆவட்டும்டி. போற எடத்துல பண்ணிக்கோ."

போகிற இடத்தில். சரி.

நவ. 1, ஞாயிறு

மழை விட்டிருந்தது. கேசரி, பஜ்ஜி. கவிதாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், வழக்கம்போல. அவள் என்னைவிடச் சிவப்பு.

மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். சாது. தலை வாரின விதத்திலேயே தெரிகிறது. அவர் அம்மா: "பொண்ணு கம்ப்யூட்டர்ல வேல பாக்குதாமே." என் அம்மாவுக்கு இது போதாதா. "வீட்லயே மெஷின் போட்டு வேல எடுக்கணும்னு ஒரே ஆச இவளுக்கு. ராப்பகலா அதே நெனப்பு." ராப்பகல் என்பது மட்டும் உண்மை.

பால்கனியில் ஐந்து நிமிஷம் தனியாகப் பேச விட்டார்கள். "டைப்பிங் எவ்ளோ ஸ்பீடு?" என்று கேட்டார். சொன்னேன். பிறகு நான் கேட்டேன், நீங்கள் ஏதாவது விளையாடுவீர்களா என்று. யோசித்தார். "சின்ன வயசுல கேரம். இப்பல்லாம் டயம் எங்கங்க."

கெட்ட மனிதர் இல்லை. திட்டவாவது ஏதாவது இருந்தால் தேவலை.

நவ. 4, புதன்

சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா கற்பகாம்பாளுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து வாயில் சர்க்கரை போட்டாள்.

ஸ்கூட்டர் வேண்டாமாம், பாத்திரம் பண்டம் நம் இஷ்டமாம். மாப்பிள்ளையின் அம்மா: "ஒரு கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்துடுங்க. அவனுக்கும் ஆவும், பொண்ணுக்கும் ஆவும்." சீர்.

அப்பா வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. எது நல்லதோ நீயே எழுதிக் குடும்மா. உன் பணம்தான, கொறைக்காத."

எழுதினேன். சிப், மெமரி, மானிட்டர். நான்காவது வரியில் 3டி கார்டு. இது எதுக்கு என்று கேட்டார். படம் தெளிவாக வரும் என்றேன்.

"அப்ப உனக்கு இந்த எடம் சம்மதந்தானே?" தாளைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். யாருக்குத் தலையாட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். அங்கே மாப்பிள்ளை ஆபீஸ் போன பிறகு பகல் முழுக்க வீடு இருக்கும், மெஷின் இருக்கும். வெட்கம்கெட்ட கணக்கு. இருந்தாலும் இன்று சோறு இறங்கியது.

நவ. 9, திங்கள்

என் பத்திரிகையை நானே அடித்தேன். தை மாதம் கல்யாணம். முதலாளி பாதி விலைக்குப் போட்டுத் தருகிறேன் என்றார், பெருந்தன்மை.

அன்றைக்குச் சண்டை போட்டாரே, அவர் மகளின் ஃபைலைத் திறந்தேன். பேரை அழித்து என் பேர். ஊரை அழித்து மயிலாப்பூர். திருவளர்ச்செல்வி அப்படியே இருக்கட்டும், எனக்குப் பின்னால் கவிதா நிற்கிறாள். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிழை திருத்தினேன். ஒரு பிழையும் இல்லை.

ரவி எட்டிப் பார்த்தான். "யாருது?" என்று கேட்டுவிட்டு, படித்துவிட்டு, தன் மேஜைக்குப் போய்விட்டான். மத்தியானம் சிடியை எடுத்தான். வேண்டாம் என்றேன். இனிமேல் அந்தக் கொத்தலில் ஆட மாட்டேன். தையில் அங்கே ஆடிக்கொள்கிறேன்.

நவ. 12, வியாழன்

தி. நகரில் புடவை. அம்மா, நான், மாப்பிள்ளையின் அம்மா. கூட்டத்தில் நசுங்கல். அரக்கு எடுத்தார்கள். எனக்குப் பிடித்ததா என்று கேட்டார்கள், பிடித்தது என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ரோடு தாண்டினார். நல்லவர்களாக இருக்கிறார்கள், அதுதான் சங்கடம்.

நவ. 14, சனி

மறுபடி பெரிய மழை. ஆபீசிலிருந்து வந்தால் ஹாலில் அட்டைப் பெட்டிகள். அப்பாவும் மாப்பிள்ளையும் காலையிலேயே ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கிவந்துவிட்டார்கள். ஆட்டோவில், பாலிதீன் போர்த்தி. என்னைக் கூப்பிடவில்லை. "கல்யாணப் பொண்ணு, மழைல எதுக்கு?"

அம்மா பெட்டிகளுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் வரைக்கும் பிரிக்கக்கூடாது. மண்டபத்தில் சீரோடு பார்வைக்கு வைக்க வேண்டும்.

பெட்டிகளைப் படித்தேன். மானிட்டர். பெரிய பெட்டி. கீபோர்டு. ஸ்பீக்கர் இல்லை. அப்பாவிடம் கார்டு எங்கே என்று கேட்டேன்.

"அதச் சொல்ல மறந்துட்டேன் பாரு. கடைக்காரர் சீட்ட படிச்சிட்டு, 'இது கேம் ஆடற பசங்களுக்குப் போடறது சார், உங்களுக்கு எதுக்கு'ன்னாரு. மாப்பிள்ள ஒடனே அதத் தூக்கிடச் சொல்லிட்டாரு. என்ன தெளிவு. அந்தக் காசுக்கு நீ ஆசப்பட்டத வாங்கிட்டோம். வீட்லயே வேல எடுக்கலாம்னு சொன்ன இல்ல?"

கதவோரம் இன்னொரு பெட்டி. பிரிண்டர். பிரஸ்ஸில் என் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதே மாடல். அதற்கும் மஞ்சள் வைத்திருந்தாள் அம்மா.

"உனக்காகத்தான்மா" என்றார் அப்பா. தலை துவட்டக்கூட இல்லை, சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நல்லா இருக்குப்பா என்றேன்.

ஹாலில் ஒழுகுகிறது என்று பெட்டிகளை எங்கள் அறைக்குள் தூக்கி வைத்தோம். பாய் விரிக்கப் பாதி இடம்தான் மிச்சம். கவிதா பெரிய பெட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இதுல கேம் இருக்குமா?"

சீட்டுக்கட்டு ஆட்டம் மட்டும் இருக்கும் என்றேன்.