அருவி பார்த்த அறை

கார்த்திகை 14, திங்கள் இரவு.

புயலுக்காகத் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து குற்றாலத்துக்குக் கூட்டி வந்தவர்களில் நான்கு குடும்பங்கள் நம் லாட்ஜில் இருக்கின்றன. ரெஜினா என்ற பெண்ணுக்கும் அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் அருவியைப் பார்த்த மாடி அறையைக் கொடுத்தேன். சீசனில் அந்த அறைக்குத்தான் அடிதடி. கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட.

சாயங்காலம் மலையில் மழை வலுத்து அருவி இரைந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரெஜினா கீழே ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, கடல் இங்கனயும் வந்துட்டா?"

"அருவிம்மா அது. இந்தச் சத்தத்தைக் கேக்கத்தான் ஊரு ஊரா வாராவ" என்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அவள் புருஷன் படகை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டானாம். மத்தியானத்திலிருந்து போன் கிடைக்கவில்லையாம்.

தெருப்பக்க அறைக்கு மாற்றிக் கொடுத்தேன். போகும்போது தன் போனை என் மேசையில் வைத்தாள்.

"அடிச்சா நீங்களே எடுத்துக் கேளுங்க அண்ணாச்சி. எனக்குத் தெம்பு இல்ல."

இந்த நோட்டுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. அடிக்க வேண்டும் என்றும் இருக்கிறது, அடித்துவிடுமோ என்றும் இருக்கிறது. அருவி இரைச்சலில் கேட்காமல் போய்விடக் கூடாதென்று எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டேன்.