குடம் ஆறட்டும்

14.5.91 செவ்வாய்

விடியவே சோளகக் காத்துத் தொடங்கீட்டுது. முற்றமெல்லாம் புழுதி. துவைச்ச துணி திரும்பவும் துவைக்கோணும். இணுவிலிலை காத்துக்குக் குறைவில்லை, கடல்தான் இல்லை.

வீட்டுக்கார அம்மா வேலியடியிலை நிண்டு கூப்பிட்டா. "பிலோமினா, கொடியேற்றத்துக்கு இனிக் கன நாளில்லை. ஆக்கள் வந்துபோற வளவு. உந்த வள்ளத்துக்கு ஒரு வழி பாருங்கோவன்." கோவமாச் சொல்லேல்லை. ஆனா முந்தியும் சொன்னவ. மச்ச மணம் அவவுக்கு ஒத்துவராது. தேத்தண்ணி தாறதும் எங்களுக்கெண்டு வைச்ச தகரப் பேணியிலைதான். எண்டாலும் ஆமிக்குப் பயந்து மயிலிட்டிக் கரையை விட்டு ஓடி வந்த அண்டைக்கு வளவைத் திறந்துவிட்டவையும் இவைதான். அதையும் எழுதத்தான் வேணும்.

இவர், என்ரை மனுசன், படுத்திருந்தபடியே சொன்னார், "குடுத்திடுவம். மானிப்பாயிலை ஒருத்தர் கேட்டவர். றெயிலர் விறகு ஏத்தவாம்."

"வள்ளம்?"

"மாட்டுக்குத் தண்ணித் தொட்டியாம்."

போய் அரிசி களைஞ்சன்.

மணற்காட்டிலை என்ரை அண்ணை இருக்கிறார். அங்கை கரையிருக்கு, தொழிலுக்கு ஆளிருக்கு, வள்ளமில்லை. எங்களிட்டை வள்ளமிருக்கு, கரையில்லை. பின்னேரம் அந்தப் பக்கம் போற பாண் வியாபாரியிட்டை அண்ணைக்குச் சொல்லி அனுப்பீட்டன், வள்ளத்தோடை வாறமெண்டு. இவரைக் கேக்கேல்லை.

15.5.91 புதன்

வள்ளம் ஏத்தி இழுக்கிற றெயிலரைப் பார்த்தன். வலச்சில்லு சுத்துது. இடச்சில்லு அரைக்கிற சத்தம், மண்ணை மெல்லுற மாதிரி.

காரணம் தெரியும். போன ஆனியிலை வெளிக்கிட்ட அவதியிலை றெயிலரைக் கழுத்தளவு கடலுக்கை தள்ளி வள்ளத்தை ஏத்தினது. பிறகு ஒருத்தரும் திறந்து பாக்கேல்லை. அண்டைக்குத்தான் வள்ளம் வழுக்கி இவரின்ரை வலக்கை இடுக்குப்பட்டது. மூண்டு விரல் இண்டைக்கும் மடங்காது. அதுக்குப் பிறகு றெயிலர்ப் பக்கமே போறேல்லை. அந்த இரும்பிலை ஒரு கோவம்.

நானே கழட்டினன். தூக்கிற ஜக் இல்லை. இரும்பு அலவாங்காலை கெம்பித் தூக்கி, கல்லு அண்டை குடுத்து. மூடி, நட்டை மறிக்கிற பின், நட். பின் துருவிலை முறிஞ்சு போச்சு. சில்லை இழுத்து அச்சு நுழையிற நடுக்குடத்துக்கை விரல் விட்டால், கிறீஸ் பால் தேத்தண்ணி நிறத்திலை. கடல்தண்ணி போயிருக்கு. வழிச்செடுத்து, குண்டு உருளுற பெயரிங்கை மண்ணெண்ணெயிலை கழுவினன். குண்டெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளம். உள்பெயரிங், வெளிப்பெயரிங் ரெண்டும் சரிவராது. வலப்பக்கம் தப்பீட்டுது, கழுவினால் போதும்.

விளக்குக்கு வைச்ச மண்ணெண்ணெய். இண்டைக்குப் பொழுதுபட முன்னம் சாப்பாடு.

17.5.91 வெள்ளி

ரவுணிலை கடை கடையாய் ஏறி இறங்கினன். பெயரிங் இல்லை, கிறீஸ் இல்லை. ஒரு கடைக்காரர்: "அக்கா, உதுகளை ஆமிக்காரங்கள் வவுனியா தாண்டி வரவிடாங்கள். வேறை என்னவும் கேளுங்கோ." இன்னொருத்தர் வண்டில் மை பூசச் சொன்னார். அது மரச் சில்லுக்குச் சரி. குண்டு உருளுற இடத்துக்குச் சாம்பலும் எண்ணெயும் போட்டால் கோப்பாய் தாண்டாது.

செருப்பு அறுந்திட்டுது. திரும்பிற வழி வெறுங்கால்.

இவர் கேட்டார்: "கிடைச்சதோ?"

"இல்லை."

"நான் சொன்னன்."

சொன்னவர்தான். அதுக்காக விடேலாது.

18.5.91 சனி

ராத்திரி முழுக்க ஒரே யோசனை. எங்கடை றெயிலர் அச்சு பழைய ஏ போட்டி (ஏ-40) காரின்ரை முன்னச்சு. வீட்டுக்கார ஐயாவின்ரை காரும் ஏ போட்டி. பெற்றோல் இல்லாமல் மாட்டுக் கொட்டிலிலை கல்லிலை நிக்குது. பின் சீற்றிலை கோழி அடைகாக்குது.

ஐயா ரயில்வேயிலை இருந்து பென்சன் எடுத்தவர். இப்ப ரயிலும் இல்லை. நாள் தவறாமல் அந்தக் காரைத் துடைக்கிறார். அவரிட்டைப் போய் எப்பிடிக் கேக்கிறது? நேராய்க் கேட்டன்.

"ஐயா, காரின்ரை முன்சில்லு ஒண்டின்ரை பெயரிங் வேணும்."

துடைக்கிறதை நிப்பாட்டினார். "பிள்ளை, உது எங்கடை கலியாணத்துக்கு வாங்கின கார்."

"தெரியும் ஐயா."

"பாதை திறந்தால் கொழும்புக்கு ஓடவேணும் எண்டு வைச்சிருக்கிறன்."

"பாதை திறந்தால் நானே புதுசு வாங்கித் தந்து பூட்டியும் விடுவன். அதுவரைக்கும் கார் நிக்கத்தானே போகுது. வள்ளம் ஓடினால் நாலு குடும்பம் சாப்பிடும்."

ஐயா திரும்பவும் காரைத் துடைக்கத் தொடங்கினார். வீட்டுக்கார அம்மா குசினி வாசலிலை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தவ. அவதான் சொன்னா: "குடுங்கோவன். கோழிக்கு என்னத்துக்குப் பெயரிங்?"

ஐயாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவரே நட்டுக் கழட்டிற சாவி கொண்டுவந்தார். கழட்டேக்கை முகத்தை அங்காலை திருப்பிக்கொண்டார். காரின்ரை குடத்துக்கை கிறீஸ் நல்ல பதமாய் இருந்தது. ஒரு சொட்டு விடாமல் வழிச்செடுத்தன். றெயிலரை இழுக்க வாற ரக்டர்காரத் தம்பியும் பேணியிலை கொஞ்சம் தாறனெண்டார். புதன் விடியப்புறம் இழுக்கிறதாய்ப் பேச்சு.

20.5.91 திங்கள்

பெயரிங் பூட்டியாச்சு. உள்ளங்கையிலை கிறீசை வைச்சு, பெயரிங்கை அதிலை அழுத்தி அழுத்தி மற்றப் பக்கத்தாலை பிதுங்குமட்டும். குண்டுக்குக் குண்டு. பழைய வளையத்தைத் தட்டி எடுத்து காரின்ரை வளையத்தை இறக்கப் பட்ட பாடு! சுண்டுவிரல் நசுங்கீட்டுது. தண்ணி போகாமல் மறிக்கிற சீல் மட்டும் பழசுதான், வேறை இல்லை. நட்டை நல்லா இறுக்கினன். பின்னுக்குப் பதிலாய்க் கம்பி.

இவர் கதிரையைக் கொண்டுவந்து கொஞ்சம் தள்ளிப் போட்டு இருந்தார். படுக்கையாலை எழும்பினதே பெரிசு.

நாளைக்கு: வள்ளத்துக்கு மேலை ஓலைக் கிடுகு கட்ட வேணும் (ஹெலியிலை இருந்து பாத்தால் கிடுகு லோட் மாதிரித் தெரியோணும்). கயிறு. தண்ணிப் போத்தல். அந்தோனியார் படம்.

22.5.91 புதன்

மணற்காடு. வந்து சேர்ந்திட்டம். உடம்பெல்லாம் நோ. ஆனா இண்டைக்கே எழுதோணும்.

இருட்டு விலகேக்கை வெளிக்கிட்டது. வீட்டுக்கார அம்மா படலை வரைக்கும் வந்தா. ஒரு பொதி புட்டுத் தந்தா. "போய்க் கடிதம் போடு" எண்டா. கண் கலங்கினது எனக்குத்தான்.

நிப்பாட்டிற இடமெல்லாம் இறங்கிக் குடத்திலை கை வைச்சுப் பார்த்தன். நீர்வேலியிலை வலது குளிர், இடது இளஞ்சூடு. புத்தூரிலை சூடு. வல்லை வெளியிலை கை வைக்கேலாது. கிறீஸ் காயிற மணம். ரக்டர்காரர் பதறிப்போனார். "அக்கா, மறைப்பு ஒண்டுமில்லாத வெட்டை. ஹெலி வந்தால் முடிஞ்சுது. சமாளிச்சு ஓடுவம்."

"ஓடினால் சில்லு கழரும்."

எனக்கு என்ன பிழையெண்டு விளங்கேல்லை. எல்லாம் சரியாத்தானே செய்தன். அப்பதான் இவர் ரக்டராலை இறங்கினார். சில்லடியிலை குந்தி, இடக்கையாலை மேலையும் கீழையும் ஆட்டிப் பார்த்தார்.

"ஆட்டமே இல்லை. இறுக்கிப்போட்டாய், பிலோ."

"கழண்டிடும் எண்டு பயந்தன்."

"முழுக்க இறுக்கினால் பெயரிங் எரியும். இறுக்கீட்டு ஒரு பொட்டு இளக்கோணும். சாவியை எடு."

அவர் சொல்லச் சொல்ல இளக்கினன். திரும்ப ஆட்டிப் பார்த்து, "ஓம், இது காணும்" எண்டார். ஆறும் வரைக்கும் அந்த வெட்டையிலை ரெண்டு பேரும் சில்லின்ரை நிழலிலை இருந்தம். புட்டுச் சாப்பிட்டம். பொதியை இவர்தான் இடக்கையாலை பிரிச்சுப் பிடிச்சார்.

கரவெட்டி தாண்டியும் கை வைக்கலாம். மணற்காட்டு மணலிலைதான் சில்லு புதைஞ்சு உழண்டது, திரும்பவும் சூடு.

கரையிலை அண்ணையும் ஆக்களும் நிண்டினம். வந்த கையோடை றெயிலரைக் கடலுக்கை தள்ளப் பாத்தினம்.

"குடம் ஆறட்டும் அண்ணை."

"பிள்ளை, நேவி வெளிக்கடலிலை நிக்கிறான். கெதியா வள்ளத்தை இறக்கி றெயிலரை ஏத்திறதுதான் நல்லது."

"சூட்டோடை தண்ணிக்கை விட்டால் குடம் கடல்தண்ணியை உள்ளை உறிஞ்சும். இன்னொரு பெயரிங் இந்த யாழ்ப்பாணத்திலை இல்லை."

ஒருத்தன் சிரிச்சான், பொம்பிளை சொல்லி வள்ளம் நிக்குது எண்டு. இவர் போய் றெயிலருக்கும் கடலுக்கும் நடுவிலை மணலிலை இருந்தார். "அவ கை வைச்சுப் பார்த்துச் சொல்லுமட்டும் ஒருத்தரும் தள்ளாதேங்கோ."

சிரிச்சவன் றெயிலரிலை இருந்து கையை எடுத்தான். காத்து நல்லா வீசினது. ஆறினது. சொன்னன். தள்ளினம்.

25.5.91 சனி

விடியப்புறம் அண்ணையோடை இவரும் வள்ளத்திலை போனவர். கரையை ஒட்டித்தான். சுக்கான் இடக்கையிலை. வெயில் ஏற முன்னம் வந்திட்டினம். சூடை மீன் ஒரு கூடை, ரெண்டு பாரை. பெரிசா ஒண்டுமில்லை. இவரின்ரை சாரத்திலை செதில் ஒட்டியிருந்தது, தட்டிவிடேல்லை.

நான் பாரையை வெட்டிப்போட்டு வந்து பாக்கிறன், றெயிலரடியிலை இருக்கிறார். இடச்சில்லு கழண்டு கிடக்கு. ஒரு கையாலை, கம்பியைப் பல்லிலை கடிச்சு இழுத்துக் கழட்டியிருக்கிறார்.

"தண்ணி போகேல்லை பிலோ. வந்து பார்."

போய்ப் பார்த்தன். கிறீஸ் போட்ட நிறத்திலேயே இருக்கு.

"ஒரு துணி தா. மற்றச் சில்லையும் பாப்பம்."

பழைய சீலையைக் கிழிச்சுக் குடுத்தன். உலையிலை சோறு பொங்குது, போகோணும்.