கார்ஷீல் கோபுர வீட்டின் மேற்குச் சுவர்

கார்ஷீல் பண்ணை, ஸ்காட்லாந்து
மார்ச் 11, 1963

அன்புத் தம்பி நினியனுக்கு,

நாங்கள் நலம். கிறிஸ்துமஸுக்குக்கூட நீ ஒரு வரி எழுதவில்லை. போகட்டும்.

பனி உருகத் தொடங்கியதும் நம் கோபுர வீட்டின் மேற்குச் சுவர் உச்சியிலிருந்து சரிந்துவிட்டது. நானூறு வருஷம் நின்றது, நாங்கள் காலைக் கஞ்சியைக் குடித்து முடிப்பதற்குள் கீழே வந்துவிட்டது. அடியில் சினை ஆடுகள் இரண்டு போயின. மிச்சச் சுவர் எங்கள் பண்ணை வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

"கூரை இருந்தா வரி கட்டணும்னு பயந்து உங்க பாட்டன் அதப் பிரிச்சாரு. அன்னைக்கு மழை உள்ள எறங்குச்சு, இன்னைக்குக் கல்லு நம்ம தலையில எறங்குது. இடிச்சிரலாம் கிரிசல்" என்கிறார் உன் அத்தான் வாட். அப்பா நம் இருவர் பேரிலும் எழுதிவைத்த சொத்து. உன் சம்மதம் வேண்டும்.

உன் அக்கா,
கிரிசல்

கேப் பிரெட்டன், கனடா
மார்ச் 29, 1963

அன்புள்ள அக்கா,

சம்மதம் இல்லை. அத்தானிடம் சொல்லிவிடு.

கண்ணை மூடினால் அங்கேதான் இருக்கிறேன். குனிந்து நுழைய ஒரே வாசல், அதில் இரும்புக் கம்பிக் கதவு. அந்தக் காலத்தில் கொள்ளைக்காரர்கள் வந்தால் மாடுகளை அடைத்த வளைகூரை அறை. இருட்டில் சுழன்று சுழன்று ஏறும் கல்படி. மேலே கூடம், அதில் முழு மாட்டையே வாட்டலாம் என்று அப்பா பெருமையடிக்கும் அடுப்பு. அதற்குள் நின்றுகொண்டு புகைபோக்கி வழியாக வானத்தைப் பார்ப்போமே! பழைய போரில் ஆங்கிலேயர் வைத்த தீயில் சிவந்துபோன கல்லில் என் கையை இழுத்து வைத்து, "இன்னும் சுடுதுடா" என்பாய். நானும் நம்பி அலறுவேன். அதையா இடிக்கப் போகிறாய்?

உன் தம்பி,
நினியன்

கார்ஷீல் பண்ணை
ஏப்ரல் 14, 1963

நினியன்,

உனக்கு அது கண்ணை மூடினால் தெரிகிறது. எனக்குக் கண்ணைத் திறந்தால் தெரிகிறது.

நேற்றுக் காற்றில் இன்னொரு கல் விழுந்து மாட்டுக் கொட்டகையின் கூரை உடைந்தது. பால் வாளியோடு நான் அப்போதுதான் வெளியே வந்திருந்தேன்.

எத்தனை வருஷமாக வருகிறேன், வருகிறேன் என்று எழுதுகிறாய்? அவ்வளவு பாசம் இருந்தால் வந்து முட்டுக்கொடு. இல்லையென்றால் கையெழுத்துப் போடு.

கிரிசல்

கேப் பிரெட்டன்
மே 2, 1963

அக்கா,

கையெழுத்து இதோடு வருகிறது. பால் வாளி சங்கதியைப் படித்த பிறகு எனக்கு மறுபேச்சு இல்லை.

நான் வராததற்குக் காரணம் வேறு. இத்தனை வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து கரித்தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. கிறிஸ்துமஸை ஆஸ்பத்திரியில்தான் கழித்தேன். கப்பல் பயணம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் அறை இரண்டாம் மாடியில். நடுவில் ஒருமுறை உட்கார்ந்துதான் ஏறுகிறேன். மனசுக்குள் மட்டும் நம் சுருள்படியில் மூச்சு வாங்காமல் உச்சிவரை ஓட முடிந்தது. அது அங்கே நிற்கிறது என்ற நினைப்பே போதுமாக இருந்தது. பிடிவாதம் அதனால்தான், கோபித்துக்கொள்ளாதே.

இடிக்கும்போது எழுதாதே. முடிந்ததும் எழுது.

நினியன்

கார்ஷீல் பண்ணை
மே 27, 1963

என் கண்ணே நினியன்,

முடிந்துவிட்டது. மேல் இரண்டு தளங்களையும் இறக்கிவிட்டார்கள். கூடம்வரை தொடவில்லை. "அடிச்சுவர் ஆறடி கனம். நாமெல்லாம் போன பிறகும் இது நிக்கும்மா" என்றார் கொத்தனார். மேலே இருந்த தளங்கள் இனி உன்னிடம்தான் இருக்கின்றன. பத்திரமாக வைத்துக்கொள்.

கல்லைப் பற்றி இவ்வளவு போதும். ஆஸ்பத்திரியில் கிடந்ததை எனக்கு எழுத உனக்கு மனசு வரவில்லையா? உன் கடிதத்தை வாட் இரண்டு முறை படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "நீ போய் அவனப் பாத்துட்டு வா. ஆட்டையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஜூன் பதினான்காம் தேதி கிளாஸ்கோவில் கப்பல் ஏறுகிறேன். துறைமுகத்துக்கு வந்து நிற்காதே. கதவை மட்டும் தாழிடாமல் வை. மாடி ஏறி நானே வந்துவிடுகிறேன்.

உன் அக்கா,
கிரிசல்